வெயிலக்காவின் வெள்ளை

கண்ணுக்குத் துணையாக இருந்த கண்ணாடியே கண்ணைக் கெடுத்தும் இருந்தால், அதற்கு நன்றி சொல்வதா, அதன்மேல் பழி போடுவதா? வெயிலக்காவின் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் சுற்றி வளைத்து இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அவர் மட்டும் வரவில்லை. அவருக்கு வேறொரு கேள்வி இருந்தது. அது இதைவிடச் சின்னது. அதனாலேயே பதில் கிடைக்கக்கூடியது.

அவரைப் பெரிய ஆளாக்கிக் காட்டுவது என் நோக்கமில்லை. ஒரே தொழிலில் முப்பது வருடம் இருந்தால் யாருக்கும் கை பழகிவிடும். கை பழகிய பிறகும் அவருக்குச் சந்தேகம் விட்டுப்போகவில்லை. அவரைப் பற்றி எழுத எனக்குக் கிடைத்த காரணம் அவ்வளவுதான்.

பழைய கடைவீதியில் ஒரு காகிதக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், கேமரா பழுதுபார்க்கும் கடை. படியேறும்போது கீழ்க்கடையின் புதுக் காகித வாசனை கூடவே வரும். கதவைத் திறந்ததும் அதை ஸ்பிரிட் வாசனை துரத்திவிடும். முன்பக்கம் முதலாளியின் மேசை. பலகைத் தடுப்புக்குப் பின்னால், தெற்கு ஜன்னலை ஒட்டி அக்காவின் மேசை. பச்சை விரிப்பு, வளையம் கழற்றும் இரட்டைமுனைச் சாவி, தூசி ஊதும் ரப்பர் குமிழ், மெல்லிய காகிதக் கட்டு, துருப்பிடிக்காத ஒரு பழைய மிட்டாய் டப்பா. கேமரா உடம்பை முதலாளி பார்ப்பார். லென்ஸ் எல்லாம் அக்காவுக்கு. பூஞ்சை பிடித்தது, எண்ணெய் கசிந்தது, கீழே விழுந்து திருகாமல் நின்றது என்று ஒவ்வொன்றையும் பிரித்து, துடைத்து, பிரித்த வரிசையிலேயே திரும்பப் பூட்டுவார்.

அந்தக் கடைக்கென்று ஒரு சொல் இருந்தது: காமாலை. ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய சில லென்ஸ்கள், கீறல் இல்லாமல், பூஞ்சை இல்லாமல், உள்ளே கண்ணாடி மட்டும் தேநீர் நிறத்துக்கு மாறிப்போய் வரும். அவற்றின் அட்டையில் அக்கா ‘கா’ என்று ஓர் எழுத்து எழுதுவார். மருந்து வெயில்தான். அலுமினியத் தாள் விரித்த தட்டில், ஒளி நுழையும் துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கம் மேலே இருக்கும்படி ஜன்னல் திண்டில் அடுக்குவார். மணிக்கொரு தடவை தட்டைத் திருப்ப வேண்டும். மறந்தால் லென்ஸ் வெயிலைக் குவித்து மரத்தைச் சுட்டுவிடும். அந்தத் திண்டில் கறுப்புப் புள்ளிகள் எத்தனையோ அத்தனை தடவை அவர் மறந்திருக்கிறார். ஒரு வாரத்தில் தெளிவதும் உண்டு, ஒரு மாதம் இழுப்பதும் உண்டு. ‘கா 12’ என்றால் பன்னிரண்டு நாள் வெயில் கண்டது. வெயிலக்கா என்ற பெயர் இப்படி வந்ததுதான். முதலாளிகூட அவரைவிட எட்டு வயது மூத்தவராக இருந்தும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருமுறை முதலாளி போனில் ஒரு வாடிக்கையாளரிடம், “ரெண்டுக்கும் காமாலை இன்னும் எறங்கல, அஞ்சு நாள் கழிச்சு வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேட்டரி வாங்க வந்து நின்ற ஓர் அம்மாள் பொறுக்க முடியாமல், “ஏன் சார், ரெண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாம போன்ல வைத்தியம் பாத்துட்டு இருக்கீங்க?” என்றார்.

எப்போது தெளிந்தது என்று சொல்வதுதான் அக்காவின் வேலையில் கடினமான பகுதி. கீழ்க்கடையிலிருந்து வாங்கிய வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் லென்ஸை நிறுத்தி, வட்டத்துக்குள் தெரியும் வெள்ளையையும் வெளியே இருக்கும் வெள்ளையையும் வலது கண்ணால் மாறி மாறிப் பார்ப்பார். இரண்டும் ஒன்றானதும் “வெளுத்துடுச்சு” என்பார். அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள்.

நுணுக்கமான வேலைக்கு அவர் வலது கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொள்வார். அது கடையில் வாங்கியதல்ல. இந்தக் கதை நடப்பதற்குப் பத்தொன்பது வருடம் முன்னால், முன்கண்ணாடி நொறுங்கிய ஒரு லென்ஸை அதன் சொந்தக்காரர் வேண்டாமென்று விட்டுப்போனார். அதன் பின்பக்கக் கண்ணாடி ஒன்று முழுசாக இருந்தது. அக்கா அதைக் கறுப்பு ரப்பர் கிண்ணத்தில் பொருத்திக் கண்ணில் வைத்துப் பார்த்தார். நேர்க்கோடு நேர்க்கோடாகவே தெரிந்தது. ஓரத்தில்கூட வளையவில்லை, வானவில் விளிம்பு கட்டவில்லை. அன்றிலிருந்து அதுதான். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், சில நாள் ஐந்து. வேலை முடிந்தால் மிட்டாய் டப்பாவுக்குள் போகும். டப்பா கைப்பைக்குள் போகும்.

அந்தக் கண்ணாடிக்கும் காமாலை உண்டு. வெயிலில் வைத்து வெளுக்க வைத்தால் நாலைந்து வருடத்தில் டப்பாவுக்குள் இருந்தபடியே மறுபடி லேசாக மஞ்சள் ஏறும். இதுதான் அக்காவின் கேள்வி.

“பேப்பர் வெயில்ல கெடந்தா மஞ்சளாகும், சரி. இது இருட்டுல மஞ்சளாகுது, வெயில்ல வெளுக்குது. இருட்டு இதை என்ன பண்ணுது?”

“பசைக்கா” என்பார் முதலாளி. “ரெண்டு கண்ணாடியை ஒட்டுவாங்கல்ல, அந்தப் பசை பழுத்துடும்.”

“இதுல ஒட்டே இல்லையே. ஒத்தைக் கண்ணாடி.”

“அப்போ வயசு.”

“வயசுன்னா வெயில்ல வெச்சா எறங்கிடுமா? வாங்க, உங்களைத் திண்டுல படுக்க வெச்சுப் பாப்போம்.”

இந்தப் பேச்சு பத்தொன்பது வருடத்தில் எத்தனை தடவை நடந்தது என்று இருவருக்குமே தெரியாது. கடைக்கு வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவரிடமும், கண்ணாடி வெட்டுகிறவரிடமும், தபால் கொண்டுவருகிறவரிடமும்கூட அக்கா இதைக் கேட்டிருக்கிறார். பதில் சொன்னவர்கள் எல்லோரும் தெரியாது என்பதைத்தான் நீட்டிச் சொன்னார்கள்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது ஒரு ஸ்டுடியோக்காரர் லென்ஸைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

“அக்கா, இன்னும் மஞ்சள் போகல.”

“போயிடுச்சு. இருவத்திரண்டு நாள் வெச்சேன்.”

“நீங்க இருவத்திரண்டு வருஷம் வெச்சிருங்க. வெள்ளைச் சட்டையை எடுத்தா பால் டீ மாதிரி விழுது.”

“சட்டையே அப்படி இருந்திருக்கும்.”

“சட்டை என்னோடதுக்கா. காலைல நானே தோச்சது.”

வெள்ளைத் தாள் விரிக்கப்பட்டது. அக்கா பார்த்தார். இரண்டு வெள்ளையும் ஒன்றாகவே இருந்தன. முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி குனிந்து பார்த்து, நிமிர்ந்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டு, “லேசா இருக்குக்கா” என்றார். வாடிக்கையாளருக்காகத் தாஜா பண்ணுகிறார் என்று அக்கா நினைத்தார். ஆனால் முதலாளி பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுவதில்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

அக்காவின் கணவர் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். அன்று மாலை அவர் கைகழுவி வந்ததும், “உங்க கலர் அட்டையை எடுங்க” என்றார் அக்கா. அந்த அட்டையில் வெள்ளை மட்டும் ஒன்பது வகை. பெயர்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கணவர் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“இடது கண்ணை மூடிக்க. இதுவும் இதுவும் ஒண்ணா, வேறயா?”

“ஒண்ணுதான்.”

“இது?”

“அதுவும்தான். இந்த நாலுமே ஒண்ணு. ஒரே கலரை நாலு பேர்ல விக்கிறாங்க.”

“இப்போ வலதை மூடிக்க.”

அக்கா மாற்றி மூடினார். ஒன்றாக இருந்த நாலும் மூன்றாகப் பிரிந்திருந்தன.

“உங்களுக்கு எத்தனை தெரியுது?” என்று அவர் கணவரைக் கேட்கவில்லை, கணவரே சொன்னார். “எனக்கு நாலும் வேற. இது சுத்த வெள்ளை. இந்தக் கடைசி, ஆபீஸ் சுவத்துக்கு அடிக்கிற தந்தக் கலர்.” பிறகு அட்டையை மடித்துக்கொண்டே, “நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்” என்றார்.

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். இரண்டு கண்ணிலும் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. இடதில் கொஞ்சம், வலதில் அதிகம். இது வயதோடு வருவது. ஆனால் வலது கண்ணில் லென்ஸின் பின்பக்கத்தில் தனியாக ஒரு படலம் இருக்கிறது. அது கொஞ்சம் முந்திக்கொண்டு வந்திருக்கிறது.

“சர்க்கரை இருக்கா?”

“இல்லை.”

“ஸ்டீராய்டு மாத்திரை? கண்ணுல அடி? எக்ஸ்ரே மாதிரி இடத்துல வேலையா?”

“நான் இல்லைங்க. என் தம்பிதான் எக்ஸ்ரேல இருக்கான்.”

“தம்பி பாக்குற வேலைக்கு அக்காவுக்குப் படலம் வராதும்மா.”

“அப்போ ஏன் வந்துச்சு?”

“சிலருக்கு ஏன்னே தெரியாம வரும்.”

அக்காவுக்கு அந்தப் பதில் பழக்கமானது. “லென்ஸ் மஞ்சளாச்சுன்னா நாங்க பன்னெண்டு நாள் ஜன்னல்ல வெப்போம் டாக்டர். என்னை வெச்சுப் பாக்கலாமா?”

“தப்பித்தவறி வெச்சுடாதீங்க. உங்க லென்ஸை வெயில் இன்னும் கெடுக்கும். எடுத்துட்டுப் புதுசு வெச்சுடலாம்.”

அறுவைக்கு ஆறு வாரம் கழித்து நாள் கிடைத்தது. அந்த ஆறு வாரமும் அக்கா ‘கா’ அட்டை போட்ட எதையும் வெளுத்ததாகச் சொல்லவில்லை. “இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்” என்றே சொல்லிவந்தார். தட்டில் லென்ஸ் சேர்ந்துகொண்டே போனது. அவர் பயம் முழுவதும் ஒன்றுதான். அறுவை சரியாக வராவிட்டால் வலது கண் போகும். வலது கண் போனால் வெள்ளை போகும். வெள்ளை எது என்று சொல்லத் தெரியாத ஆளுக்கு அந்த ஜன்னலோரத்தில் என்ன வேலை?

இந்த நேரத்தில்தான் தம்பி வந்து சேர்ந்தான்.

அவன் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். அக்காவைவிடப் பதினான்கு வயது இளையவன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் தீப்பெட்டி அளவு ஓர் அட்டை குத்தியிருப்பார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தத் தடவை மூன்று மாதத்தின் தொடக்கத்தில் அவன் சட்டைக்கு அக்கா பொத்தான் தைத்தார். தைக்க இடைஞ்சலாக இருந்த அட்டையைக் கழற்றி, தொலைந்துவிடக் கூடாதே என்று மிட்டாய் டப்பாவில் போட்டார். தொலையக்கூடாத சின்னப் பொருள் எதுவானாலும் அந்த டப்பாவில் போடுவது அவர் சட்டம். போட்டதை மறந்தும் போனார். அட்டை டப்பாவின் அடியில், கண்ணாடிக்குக் கீழே, இரண்டரை மாதம் கடைக்கும் வீட்டுக்கும் போய்வந்தது. தம்பி தேடாத இடமில்லை. அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் சமர்த்துப் போதாது என்று திட்டு விழும். அட்டை தொலைந்தது என்று எழுதிக்கொடுத்தால் மருத்துவமனையிலும் திட்டு விழும். கடைசி வாரத்தில் அக்கா டப்பாவைக் கவிழ்த்து ஒரு திருகாணியைத் தேடியபோது அட்டை விழுந்தது. அவன் அதைத் துடைத்து, ஒன்றுமே நடக்காதது போல் அனுப்பிவைத்தான்.

“அக்கா, அந்த அட்டை எங்க கெடந்துச்சு?” என்று இப்போது கேட்டான். முகம் வாடியிருந்தது.

“டப்பாவுல.”

“டப்பாவுல கூட என்ன இருந்துச்சு?”

“ஸ்க்ரூ, ஸ்பிரிங்கு, என் கண்ணாடி.”

“வேற?”

“வேற என்ன, அணுகுண்டா?”

“சிரிக்காதக்கா. எப்பவும் வர்றதைவிட முப்பது மடங்கு காட்டியிருக்கு. மெஷின்ல நான் கையை விட்டுட்டு நின்னேனான்னு கேக்குறாங்க. வேலையிலேருந்து எடுத்து ஃபைல் ரூம்ல போட்டுட்டாங்க. நாலு நாளா தூசி தட்டுறேன்.”

“நல்லதுதான். வீட்டுல ஒரு நாளும் தட்டினதில்லை.”

அப்படிச் சொன்னாலும் மறுநாள் அக்காவே மருத்துவமனைக்குப் போய், கதிர்ப் பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மையார் நாற்பது வயதுக்காரர். தம்பியும் அவன் கூட்டாளிகளும் அவருக்கு வைத்த பெயர் மீட்டர் மேடம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “டப்பாவைத் திறக்க வேண்டாம். நான் கடைக்கே வர்றேன்” என்றார்.

வந்தார். கையில் செங்கல் அளவு ஒரு கருவி. போட்டதும் எப்போதாவது ஒரு ‘டிக்’ என்றது. “இது சும்மா இருக்குற சத்தம். எல்லா இடத்துலயும் இவ்ளோ இருக்கும்” என்றார். திருகாணிகளின் மேல் காட்டினார். மாற்றமில்லை. ஸ்பிரிங்குகளின் மேல் காட்டினார். மாற்றமில்லை. பூதக்கண்ணாடியின் மேல் காட்டியதும் கருவி சடசடவென்று ஓட்டுக்கூரையில் மழை விழுவது போல் கொட்டத் தொடங்கியது. முதலாளி நாற்காலியை ஓரடி பின்னால் தள்ளிக்கொண்டார். தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

அக்கா எழுந்து ஜன்னல் திண்டிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து வந்து கருவிக்குக் கீழே வைத்தார். கொட்டியது. அலமாரியிலிருந்து காமாலை இல்லாத ஒன்றை எடுத்து வைத்தார். அமைதி. பிறகு யாரையும் கேட்காமல் பதினோரு லென்ஸை மேசையில் வரிசையாக அடுக்கி, “மேடம், நான் சொல்றேன், நீங்க வெச்சுப் பாருங்க. இது கத்தும். இது கத்தாது. இது கத்தும்” என்று சொல்லிக்கொண்டே போனார். பத்து சரியாக வந்தது. பதினோராவது நன்றாக மஞ்சளித்த ஒன்று. அது கத்தவே இல்லை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்து ஓரத்தைப் பார்த்தார்.

“இது ஒட்டுக் கண்ணாடி” என்றார் மெதுவாக.

“பசைன்னு நான் சொன்னேன்ல” என்றார் முதலாளி. பத்தொன்பது வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி. அதை அவர் இன்னமும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மீட்டர் மேடம் விளக்கினார். அந்தக் காலத்தில் சில கண்ணாடிகளை வார்க்கும்போது தோரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடைக் கலந்தார்கள். கலந்தால் கண்ணாடி ஒளியை நன்றாக வளைக்கும், ஆனால் நிறங்களைச் சிதறவிடாது. ஓரத்தில் வானவில் கட்டாததற்குக் காரணம் அதுதான். தோரியம் கதிர் வீசும். அதன் வேகம் பாதியாகவே ஆயிரம் கோடி வருடத்துக்கு மேல் ஆகும். வெளியே வருவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கண்ணாடிக்குள்ளேயே அடிக்கிறது. அந்த அடியில் கண்ணாடியின் உள்ளே மின் துகள்கள் இடம் மாறி அங்கங்கே சிக்கிக்கொள்கின்றன. சிக்கிய இடங்கள் நீல ஒளியைத் தின்றுவிடும். அதுதான் மஞ்சள். வெயில் பட்டால் சிக்கியவை விடுபட்டுப் பழைய இடத்துக்குப் போகும். அதுதான் வெளுப்பது.

அக்கா திரும்பி ஜன்னல் திண்டைப் பார்த்தார்.

“அப்போ இருட்டு ஒண்ணும் பண்ணல.”

“இல்ல.”

“அதுவே உள்ளுக்குள்ள தன்னை அடிச்சுக்குது. வெளிச்சத்துலயும் அடிச்சுக்கும். ஆனா வெயில் அப்பப்போ அவுத்து விட்டுடுது. இருட்டுல அவுத்து விட ஆளில்லை.”

“அவ்ளோதான். நான் இவ்ளோ நேரம் சொன்னதை நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க.”

தம்பி பின்னாளில் என்னிடம் சொன்னது: அக்கா அந்த நிமிடம் சிரித்தார். பத்தொன்பது வருடம் கண்ணில் வைத்திருந்தது என்ன என்று தெரிந்த நேரத்தில் ஒரு மனுஷிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவனால் அதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அடுத்த கேள்வியை மீட்டர் மேடம் கேட்டார். “இதை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கண்ணுல வெப்பீங்க?”

கருவியைக் கண்ணாடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தார். கொட்டியது. ஒரு சாண் தள்ளினார். சத்தம் இளைத்தது. கை நீட்டிப் பிடித்தார். பழைய ‘டிக்’ மட்டும். “பாத்தீங்களா, கேமரால மாட்டிப் படம் எடுக்குறவங்க பயப்பட வேண்டாம். உடைஞ்சா தூள் பறக்க விடக் கூடாது, தேய்க்கக் கூடாது, அவ்ளோதான். ஆனா நீங்க வெச்சது ஒரு விரற்கடையில.” கீழ்க்கடைத் தாளில் பேனாவால் பெருக்கிப் பார்த்தார். மணிகள், நாட்கள், வருடங்கள். ஒருமுறை பெருக்கியதை அடித்துவிட்டு மறுபடி பெருக்கினார்.

“மேடம், அந்தப் படலம் இதனாலதானே?” என்றான் தம்பி.

“எவ்ளோ பட்டிருக்கும்னு குத்துமதிப்பா சொல்ல முடியும். அந்த அளவு, படலம் வர்றதுக்குச் சொல்ற அளவுக்குக் கொஞ்சம் கீழ இருக்கு. ஆனா கோடு போட்ட மாதிரி எல்லை இல்லை. இருக்கலாம். இது கண்ணுல படாம இருந்திருந்தாலும் வந்திருக்கலாம்.”

“அப்போ யாரைக் கேக்குறது? செஞ்சவனை?”

“செஞ்ச கம்பெனியே இப்போ இல்லையேப்பா.”

“டாக்டர்?”

“அவரும் இதையேதான் சொல்லுவார்.” டாக்டரும் அப்படியேதான் சொன்னார். பின்பக்கப் படலம் கதிரால் வரும் வகைதான், ஆனால் கதிரால் மட்டும் வரும் வகை அல்ல என்றார். ஒரு காரணம் பொருந்துகிறது என்பதற்கும் அதுதான் காரணம் என்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றி நான் நிறையப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். அந்த மேசையைச் சுற்றி நின்ற நால்வரும் அந்த இடைவெளிக்குள்தான் நின்றார்கள். படித்ததில் எதுவும் அங்கே ஒருவருக்கும் உதவியிருக்காது.

பூதக்கண்ணாடியை அக்காவே ரப்பர் கிண்ணத்திலிருந்து கழற்றி மீட்டர் மேடத்திடம் கொடுத்தார். பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வைத்துக்கொள்வதாக அவர் சொன்னார்.

“இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவீங்களா?”

“ஆமா.”

“அப்போ நாலு வருஷத்துல மஞ்சளாயிடும். ஒரு பதினஞ்சு நாள் வெயில் காட்டுங்க.”

தம்பியின் பெயரில் எழுதிய முப்பது மடங்கு அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘மிட்டாய் டப்பா’ என்று அதிகாரபூர்வமாகவே எழுதப்பட்டது. அவன் எக்ஸ்ரே அறைக்குத் திரும்பினான்.

அறுவை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்தபோது அக்கா முதலில் பார்த்தது சுவரை.

“சுவர் நீலமா இருக்கு” என்றார்.

“நீலம் இல்ல. அதுதான் சுத்த வெள்ளை” என்றார் கணவர். சுவரருகே போய் விரலால் தடவிப் பார்த்து, “நல்லாதான் அடிச்சிருக்கான்” என்று ஒப்புக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கலர் அட்டை மறுபடி வெளியே வந்தது. வலது கண்ணுக்கு ஒன்பது வெள்ளையும் ஒன்பதாகத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் கணவரின் கட்டைவிரலுக்கு முந்திக்கொண்டு சொன்னார். கணவர் அட்டையை மடித்து வைத்துவிட்டு வாசல்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து அக்கா கடைக்குப் போனார். கடையில் வாங்கிய ஒரு புதுப் பூதக்கண்ணாடி காத்திருந்தது. ஓரம் வளைகிறது என்று முதல் நாளே முணுமுணுத்தார். பிறகு அலமாரியைத் திறந்து, தான் ‘வெளுத்துடுச்சு’ என்று சொல்லி இன்னும் சொந்தக்காரர்கள் எடுத்துப்போகாத ஐந்து லென்ஸை எடுத்துத் தாளின் மேல் வைத்தார். மூன்று மறுபடி திண்டுக்குப் போயின. எடுத்துப்போனவர்களுக்கும் முதலாளியைப் போன் பண்ணச் சொன்னார். ஸ்டுடியோக்காரருக்கு மட்டும் அவரே பண்ணினார். “உங்க சட்டை வெள்ளைதான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் எனக்கு அக்காமேல் கவனம் திரும்பியது. வலது கண்ணால் பார்த்தால் ஒரு தாள் நீலம் கலந்த வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் அதே தாள் கொஞ்சம் வெண்ணெய் வெள்ளை. எனக்குத் தெரியும் வெள்ளைதான் உனக்கும் தெரிகிறதா என்று இரண்டு பேர் கேட்டுக்கொள்ளலாம். முடிவுக்கு வர முடியாது. அக்காவுக்கு இரண்டு வெள்ளையும் ஒரே தலைக்குள் இருந்தன. அவர் அதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை. ஒரு தாளை ஒரு கண்ணால் பார்ப்பார், மறு கண்ணால் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொள்வார்.

“இப்போ எந்தக் கண்ணு சொல்லுது?” என்று முதலாளி கேலி செய்வார்.

“ரெண்டும் பேசிட்டு இருக்கு. முடிஞ்சதும் சொல்றேன்.”

ஒன்றரை வருடம் கழித்து டாக்டர் இடது கண்ணும் பழுத்துவிட்டது என்றார். படலம் எதுவும் இல்லை, வயதின் மஞ்சள் மட்டும். அதே பதினைந்து நிமிடம், அதே மாதிரி லென்ஸ். செய்துகொண்டால் இரண்டு கண்ணும் ஒன்றாகிவிடும். வலது நன்றாக வந்ததால் பயப்பட எதுவுமில்லை. அக்கா சரி என்றார். நாளும் அவரே சொன்னார். தம்பி லீவு போட்டான். கணவர் பாதியில் நின்ற சுவரை விட்டுவிட்டு வந்தார்.

அன்று காலை அக்கா பச்சை அங்கி மாட்டிக்கொண்டு, இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கையில் எண் எழுதிய சீட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் உள்ளே போய் வந்தார்கள். அவர் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்தார். நர்ஸிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, “இது இருக்கட்டும்மா” என்றார். அங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார்.

மூவரும் வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள்.

“பயந்துட்டியா?” என்றார் கணவர்.

“இல்லை.”

“அப்புறம்?”

“பஸ் வருது பாருங்க.”

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. டாக்டர் வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறார். தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிறான். இடது கண் அப்படியே இருக்கிறது. அக்கா இன்னமும் தாளை ஒரு கண்ணால் பார்த்து, மறு கண்ணால் பார்த்து, தலையை ஆட்டிக்கொள்கிறார்.